நிவேதிதை அம்மையார்: கொள்ளைநோய்க் காலத்து அறம்

கொங்குநாட்டிலே திருக்கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபொழுது, திருஞானசம்பந்த சுவாமிகளின் திருக்கூட்டத்தார் பனிக்காலத்து நளிர்சுரத்தாற் பீடிக்கப்பட்டனர் என்பதும், சுவாமிகள் திருநீலகண்டத் திருப்பதிகம் அருளிச்செய்து அந்நோயைப் போக்கினர் என்பதும் சைவ நன்மக்கள் யாவரும் அறிந்தனவே. அவ்வரலாற்றைக் கூறப்புகுந்த சேக்கிழார் பெருமான், நோய் நீங்கியது அடியார் கூட்டத்துக்கு மாத்திரம் என்னாது, அந்நாட்டுக்கே நீங்கியதென்று கூறியிருப்பது ஊன்றி நோக்கற்பாலது. தேவர் அசுரர் என்னும் வேறுபாடின்றி யாவரும் உய்ய நஞ்சுண்ட திருமிடற்றின் பெயரால் வேண்டப்பட்ட அருள், வேண்டியவரோடு நின்றுவிடாது ஊரெல்லை கடந்து பாய்ந்தது. நோய்க்கு எல்லையில்லை என்பது கண்கூடு. நோய் தீர்க்கும் அருளுக்கும் எல்லையில்லை என்பதே இதனாற் பெறப்படும்.

கொள்ளைநோயின் கொடுமையை நம் பாண்டிநாட்டார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. சாத்தூரை அடுத்து, அருச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தே விளங்கும் இருக்கன்குடி மாரியம்மையின் திருமுன்பு அம்மைநோய்க்கு அஞ்சித் தலைமுறை தலைமுறையாக மக்கள் குவித்த கண்ணீர் சிறிதன்று. அத்தகைய காலத்தே உற்றார் உற்றாரைக் கைவிடுவர்; ஊர் ஊரை ஐயுறும்; ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒருவரையொருவர் பகைவரெனக் கருதுவர். அவ்வச்சத்தின் நடுவே புகுந்து தொண்டு செய்பவர் செய்வது யாது? உலகர் போற்றும் வெறும் பசுபுண்ணியமோ, அன்றிச் சிவபுண்ணியமோ? இவ்வினாவை நூலளவில் ஆராய்வதினும் ஒருவர் வாழ்க்கையில் வைத்து ஆராய்தல் நலம். அதன்பொருட்டு, அயர்லாந்திற் பிறந்து, வங்காளத்தில் தொண்டுபூண்டு, இமயச் சாரலில் உடல்நீத்த நிவேதிதை அம்மையாரின் சரிதத்தை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

அம்மையாரின் பிள்ளைத்திருநாமம் மார்கரெட் எலிசபெத் நோபிள் என்பது. அயர்லாந்தின் வடபாலுள்ள டங்கானன் என்னும் ஊரில் 1867ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சாமுவேல் ரிச்மண்டு நோபிள் கிறித்தவ சமயக் குரவர். ஏழை மக்கட்குத் தொண்டாற்றுவதைத் தம் கடனாகக் கொண்டவர். அவர் இளமையிலேயே இறந்துபட, பத்து வயதுச் சிறுமியாகிய மார்கரெட்டு தாயாரோடும் உடன்பிறந்தாரோடும் பாட்டனார் இல்லத்தைச் சார்ந்து வளர்ந்தார். இங்கிலாந்தில் ஹாலிபாக்சு நகரத்துக் கல்லூரியில் பயின்று, 1884இல் ஆசிரியப் பணியை மேற்கொண்டார். சிறுவர்தம் இயல்பறிந்து விளையாட்டினூடே கல்வி புகட்டும் பெஸ்டலாசி, பிரோபெல் என்போரின் முறைகளில் ஈடுபட்டு, 1892இல் இலண்டனை அடுத்த விம்பிள்டனில் தாமே ஒரு பள்ளி நிறுவினார்.

கல்வியிற் சிறந்திருந்தும் அவருள்ளம் அமைதி பெற்றிலது. பிறந்த சமயத்தின் கோட்பாடுகள் சிலவற்றில் ஐயம் எழுந்து அவரை வருத்தியது. அந்நிலையில் 1895ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டனில் விவேகாநந்த சுவாமிகளின் சொற்பொழிவைக் கேட்டார். கேட்டவுடன் பணிந்தாரல்லர், பலகாலும் வினாவெழுப்பி, மறுத்து, ஆராய்ந்த பின்னரே அவரைக் குருவாகக் கொண்டார். இந்தியப் பெண்மக்களின் கல்விக்குத் தம்மை ஒப்புவிக்கத் துணிந்து, 1898 ஜனவரி 28இல் கல்கத்தாவில் வந்திறங்கினார். மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள், இராமகிருஷ்ண பரமஹம்சரின் தேவியாராகிய சாரதாமணி அம்மையார் அவரை மகளென ஏற்று உடனிருந்து உண்டனர். ஆசாரம் மிகுந்த அந்தணர் குடியிற் பிறந்த ஒரு கைம்பெண் வேற்றுநாட்டுப் பெண்ணோடு உண்டது அக்காலத்து எத்துணை அரிய செயலென்பதை நாம் நினைத்தறிதல் வேண்டும்.

அதே திங்கள் 25ஆம் நாள் சுவாமிகள் அவரைக் கொண்டு சிவபூசை செய்வித்து, பிரமசரிய விரதங் கொடுத்து, நிவேதிதை என்னும் பெயரையுஞ் சூட்டினர். இப்பெயரின் பொருள் நம்மனோர்க்கு எளிதில் விளங்கும். திருமுன்பு படைக்கப்படுவது நிவேதனம், படைக்கப்பட்டவள் நிவேதிதை. படைத்த பொருளைப் படைத்தவர் மீளத் தமதென்று கொள்ளுதல் இல்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் சுவாமிகள் அவரைக் காஷ்மீரத்து அமரநாதக் குகைக்கு உடனழைத்துச் சென்று, பனிலிங்கப் பெருமானுக்கு அவரை ஒப்புவித்தார். சுவாமிகள் அங்கே சிவாநந்தத்தில் திளைத்திருக்க, அம்மையாரோ தமக்கு அவ்வநுபவம் சிறிதும் கிட்டவில்லையே என்று மனம் நொந்தார். அதன் பயன் பின்னர் விளங்குமென்று குருநாதர் தேற்றினர். அப்பயன் மலைக்குகையிலன்றிக் கல்கத்தாவின் மாசுபடிந்த சந்துகளில் விளங்குமென்பதை அன்று அவர் அறிந்திலர்.

இனி, அக்காலத்து நாட்டுநிலையைச் சிறிது கூறுதும். 1896இல் பம்பாயிற் புகுந்த பிளேக்கு என்னும் கொள்ளைநோய் மேல்வரும் ஆண்டுகளில் இந்தியாவெங்கும் பரவி, ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. நோயைத் தடுக்க 1897இல் அரசாங்கத்தார் ஒரு சட்டம் செய்தனர். அதன்கீழ்ப் பூனா நகரில் படைவீரர் வீடுவீடாகப் புகுந்து, நோயாளரைப் பிரித்தெடுத்து, பெண்டிரையும் சோதித்து, பண்டங்களை எரித்தனர். மக்கள் மனங்கொதித்தனர், நோய்த்தடுப்பு அதிகாரி ராண்டு என்பார் அவ்வாண்டு ஜூன் 22இல் சுடப்பட்டுப் பின்னர் உயிர்நீத்தார். நோயைத் தடுக்க வந்த கட்டளை நோயினும் கொடியதாகத் தோன்றியது. காப்போரென வந்தவர் பகைவராயினர்.

1898 ஏப்ரல், மே திங்கள்களில் கல்கத்தாவில் பிளேக்கு தலைகாட்டியபொழுது பூனாவின் நினைவு அந்நகரையும் கலக்கியது. கட்டாயமாக ஊசி குத்துவர் என்னும் வதந்தி பரவ, கலகங்கள் நிகழ்ந்தன. எண்ணிறந்தோர் ஊரைவிட்டு ஓடினர். கல்கத்தா பெயரளவில் ஒரு நகரமே ஆயினும் உண்மையில் இரண்டு ஊர்களாகவே இருந்தது. தெற்கே ஐரோப்பியர் வாழும் அகன்ற வீதிகள். வடக்கே பாக்பசார், சியாம்பசார் முதலிய வங்காளியர் பகுதிகளும், பஸ்தி எனப்படும் நெருங்கிய குடிசைத் தொகுதிகளும். தெற்கத்தார் வடபகுதியை நோயின் விளைநிலமென்று அருவருத்தனர். வடக்கத்தார் தென்பகுதியைக் கொடுமையின் இருப்பிடமென்று அஞ்சினர். இரண்டிற்கும் இடையே கடல் இல்லையாயினும், கடலினும் அகன்ற ஐயம் இருந்தது.

நோய்ச் செய்தி கேட்ட விவேகாநந்த சுவாமிகள் டார்ஜிலிங்கிலிருந்து விரைந்து வந்து, அஞ்சற்க என்று மக்களைத் தேற்றும் அறிக்கையை வங்காளியிலும் இந்தியிலும் எழுதுவித்தனர். தொண்டுக்கு வேண்டும் பொருள் எங்கிருந்து வரும் என்று உடனிருந்த துறவி ஒருவர் வினாவியபோது, வேண்டுமாயின் மடத்துக்கென்று வாங்கிய நிலத்தை விற்றுவிடுவதெனச் சுவாமிகள் விடை கூறினர். பேலூரில் அந்நிலம் வாங்கி அப்பொழுது இரண்டு திங்களே ஆகியிருந்தது; நெடுங்காலம் இடமின்றி அலைந்த துறவியர்க்கு அதுவே முதல் நிலையான இருப்பிடமாக இருந்தது. நிலத்தை விற்க நேரவில்லை. எனினும், மடத்துப் பொருள் யாருடையது என்னும் வினாவுக்கு அவ்விடை என்றும் நினைவிற் கொள்ளத்தக்கது.

காஷ்மீரத்தினின்று மீண்ட நிவேதிதை அம்மையார், 1898 நவம்பர் 13இல் பாக்பசாரின் போசுபாடாச் சந்தில் பெண்குழந்தைகட்குப் பள்ளி தொடங்கினார். சாரதாமணி அம்மையார் அதனைத் தொடங்கி வைத்தனர். வெள்ளையர் ஒருவரும் குடியிராத வடபகுதியில், அவ்வூராரோடு ஓரூராராக அவர் வாழலாயினார். அடுத்த ஆண்டு மார்ச்சுத் திங்களில் பிளேக்கு மீண்டும் பெருகிற்று. இராமகிருஷ்ண சங்கத்தார் ஒரு குழு அமைத்து, அம்மையாரைச் செயலாளராகவும் சதாநந்த சுவாமிகளைப் பணித்தலைவராகவும் நியமித்தனர். மார்ச்சு 31இல் பணி தொடங்கியது. குப்பைகளை வாரி அகற்றுதல், சாக்கடைகளைத் துப்புரவாக்குதல், நோய் புகுந்த வீடுகளில் மருந்துநீர் தெளித்தல், சுவர்கட்குச் சுண்ணாம்பு அடித்தல், சுத்தத்தின் அவசியத்தை விளக்கும் அறிக்கைகளை வழங்குதல் என்பன அப்பணியின் கூறுகள். பொருளுதவி வேண்டி அம்மையார் ஆங்கிலப் பத்திரிகைகளில் விண்ணப்பம் வெளியிட்டார். அதனாற் பிரிந்துகிடந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு வழி திறந்தது. வடபகுதியின் துயரை, அப்பகுதியில் வாழும் ஒருவர் எழுத்தின்வழியே, ஆங்கிலம் படிப்போர் அறிந்தனர்.

ஒருநாள் சந்து பெருக்குவதற்கு ஆட்கள் வரவில்லை. அம்மையார் துடைப்பத்தைத் தாமே கையிலேந்தித் தெருவிற் குவிந்த குப்பையைப் பெருக்கத் தொடங்கினார். அதுகாறும் திண்ணையினின்று நோக்கியிருந்த இளைஞர் நாணமுற்று, இறங்கிவந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டனர். தம் தெருவைப் பெருக்குதல் தம் குலத்துக்கு இழிவென்று கருதியிருந்த அவர்க்கு, ஆயிரம் சொற்பொழிவுகள் உணர்த்தாததை அச்செயல் உணர்த்தியது. ஏப்ரலில் மாணவர் கூட்டம் ஒன்றில் விவேகாநந்த சுவாமிகள் தலைமை வகிக்க, கொள்ளைநோய்க் காலத்து மாணவர் கடமையைக் குறித்து அம்மையார் பேசினார். பதினைவர் அளவினர் தொண்டராக முன்வந்தனர். ஞாயிறுதோறும் அவர்கள் கூடித் தாம் செய்த பணியை எடுத்துரைத்து, மேற்செய்வன கேட்டறிந்து சென்றனர். தொகை சிறிதே, ஆயினும் படித்த குடிப்பிறந்தார் குடிசைக்குள் நுழைந்தது அந்நகரில் ஒரு புதுவழியாயிற்று.

அக்காலத்து நிகழ்ந்த ஒன்றை, அப்பகுதியில் மருத்துவம் பார்த்துவந்த இராதாகோவிந்த கர் என்னும் பெரியார் பின்னர் எழுதிவைத்துள்ளார். இன்று கல்கத்தாவில் அவர் பெயரால் ஒரு மருத்துவக் கல்லூரி விளங்குகின்றது. நோயாளரைப் பார்த்துவிட்டு ஒருநாள் அவர் வீடு திரும்பியபொழுது, அம்மையார் அங்கே காத்திருந்து, பாக்பசார்க் குடிசையொன்றில் பிளேக்கால் வருந்தும் குழந்தையின் நிலையை வினாவினார். அந்நோய் தொத்துவதென்றும், எச்சரிக்கையாயிருத்தல் வேண்டுமென்றும் மருத்துவர் கூறினர். பிற்பகலில் அவர் அக்குடிசைக்குச் சென்றபொழுது, ஈரம்படிந்த அச்சிற்றறையில் அம்மையார் தாயிழந்த அக்குழந்தையை மடியிற் கிடத்திக்கொண்டு அமர்ந்திருக்கக் கண்டார். இரவும் பகலும் அவர் அவ்விடத்தை விட்டகலவில்லை. அறைக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தபொழுது சிறிய ஏணியொன்றைக் கொணர்ந்து தாமே சுண்ணாம்பு பூசினார். குழந்தை பிழைத்திலது, அவர் மடியிலேயே உயிர் நீங்கியது. சாவு உறுதியென்று தெரிந்த பின்னும் அவர் தொண்டு குறைந்திலது என்பதே இதன்கண் நாம் கருதத்தக்கது.

பிளேக்கு நோயின் கிருமியை 1894இல் ஹாங்காங்கில் எர்சின் என்பார் கண்டறிந்திருந்தார். எலியினின்று தெள்ளுப்பூச்சியே அந்நோயை மனிதர்க்குக் கொணர்கின்றதென்று 1898இல் சிமோண்டு என்னும் பிரெஞ்சு மருத்துவர் காட்டினாராயினும், உலகம் அதனை ஏற்கப் பல்லாண்டு சென்றன. ஆதலின் அன்று தொண்டு செய்தவர் நோயின் வழியை முற்றும் அறிந்தாரல்லர். குப்பை அகற்றியதனால் எலிகளின் உறைவிடம் ஒருவாறு குறைந்திருக்கலாம். அதனினும் மேலாக, அச்சங் குறைந்தது. வெள்ளைத்தோல் கண்டவிடத்துக் கதவடைத்த வீடுகள் இவர்க்குத் திறந்தன. படைகொண்டு பூனாவில் திறக்கமாட்டாத கதவுகளைக் கல்கத்தாவில் ஒரு துடைப்பம் திறந்தது. கட்டளையால் வருவது கீழ்ப்படிதல். உடனிருத்தலால் வருவது நம்பிக்கை. பிரிந்தார் ஒன்றுபடுதற்கு வேண்டுவது பின்னதே.

1899 ஜூனில் பள்ளிக்குப் பொருள் திரட்டுதற்பொருட்டு மேனாடு சென்ற அம்மையார் 1902இல் மீண்டனர். அவ்வாண்டு ஜூலை 4இல் குருநாதர் மறைந்தனர். அதன்பின் நாட்டு விடுதலையைக் குறித்த செயல்களில் ஈடுபட விரும்பியமையால், மடத்துக்கு இடையூறு நேராவண்ணம் அதனொடு கொண்ட முறையான தொடர்பினின்று விலகிக்கொண்டார்; அன்பின் தொடர்பு அறுந்திலது. 1905 அக்டோபர் 16இல் அரசாங்கத்தார் வங்காளத்தைக் கிழக்கென்றும் மேற்கென்றும் இரண்டாகப் பிரித்தனர். கிழக்கே முசுலிம்கள் மிகுதி. மேற்கே இந்துக்கள் மிகுதி. நிலத்தின் பிரிவு மனத்தின் பிரிவாக முதிரத் தொடங்கிற்று.

அந்நிலையில் 1906இல் கீழை வங்காளத்துப் பாரிசால் பகுதியில் வெள்ளமும் பஞ்சமும் ஒருங்கே தோன்றின. ஆங்கு அசுவினி குமார தத்தர் என்னும் நாட்டுத் தலைவர் துயர்நீக்கும் பணியை நடத்திவந்தார். அம்மையார் கல்கத்தாவினின்று புறப்பட்டுப் படகேறியும், படகு செல்லாவிடத்துச் சேற்றில் நடந்தும், ஊரூராகச் சென்று மக்களின் இல்லங்களிற் புகுந்து அவர்தம் நிலையைக் கண்டார். பசித்தவர் இந்துவோ முசுலிமோ என்பதை அவர் நோக்கினாரல்லர். கண்டவற்றைக் கட்டுரைகளாக எழுதி மேலை வங்காளத்தாரும் பிறநாட்டாரும் அறியச் செய்தார். ஏழாண்டுகட்கு முன் கல்கத்தாவின் இரண்டு ஊர்களுக்கிடையே அவர் செய்த தொண்டின் விரிவே இஃதெனலாம். திரும்பியவுடன் மலேரியாச் சுரத்தாற் படுக்கையுற்றார். அதன்பின் அவருடல் பழைய வலிமையைப் பெற்றிலது.

அம்மையாரின் அன்பு வங்காளத்தோடு நின்றுவிடவில்லை. சாத்தூருக்கு அணித்தாகிய எட்டயபுரத்திற் பிறந்த சுப்பிரமணிய பாரதியார், காங்கிரசு மகாசபையின் பொருட்டு வடநாடு சென்ற காலத்து அவரைக் கண்டு குருவாகக் கொண்டனர். மனைவியை உடனழைத்து வராமைக்குக் காரணம் வினாவி, பெண்மக்களை ஒதுக்கிவைத்த நாடு விடுதலை பெறுதல் யாங்ஙனம் என்று அம்மையார் உணர்த்தினரென்பர். 1908இல் வெளிவந்த ஸ்வதேச கீதங்களைப் பாரதியார் அவர் திருவடிக்கே உரிமையாக்கினர். கரிசல்நிலத்துக் கவிஞர் ஒருவர்க்கும் அயர்லாந்துப் பெண்மணி ஒருவர்க்கும் உறவு விளைந்தது அவரது தொண்டின் பெருமையாலன்றோ!

1911 அக்டோபர் 13ஆம் நாள், டார்ஜிலிங்கில், ஜகதீச சந்திர போசு என்னும் விஞ்ஞானியாரும் அவர் மனைவியாரும் உடனிருந்து பேண, நாற்பத்துநான்கு வயது நிரம்பாத நிலையில் அம்மையார் உடல் நீத்தனர். தமக்குரிய பொருளனைத்தையும் இந்தியப் பெண்மக்களின் கல்விக்கென்று மரணசாசனம் எழுதிவைத்திருந்தனர். இரண்டு திங்கள் சென்று, டிசம்பர் 12ஆம் நாள், வங்காளப் பிரிவினை நீக்கப்பட்டதாகத் தில்லியில் அறிவிக்கப்பட்டது. அதனைக் காண அவர் இருந்திலர். 1947இல் அந்நாடு மீண்டும் பிளவுபட்டது. பாரிசால் இன்று வங்காளதேசத்தின்பாலுள்ளது. ஒருகாற் செய்த ஒற்றுமை என்றைக்கும் போதுமென்று இருத்தற்கில்லை என்பதும், தலைமுறைதோறும் அதனைப் புதிதாகச் செய்தல் வேண்டுமென்பதும் இதனால் விளங்கும்.

இனி, தொடக்கத்தெழுந்த வினாவிற்கு வருவோம். நிவேதிதை அம்மையார் சார்ந்த மரபு ஏகான்ம வாதத்தைத் தழுவியது. உயிரே சிவமென்று கொண்டு உயிர்த்தொண்டு செய்வது. நம் சித்தாந்தம் அதற்கு உடன்படாது. உயிர் சிவமன்று, சிவம் உயிரோடு ஒன்றாயும், வேறாயும், உடனாயும் நிற்கும் பொருள். இவ்வேறுபாட்டை மறைத்தல் நூன்முறைக்கு ஒவ்வாது. ஆயினும் வேறுபாடு தொண்டினை விலக்குவதாகாது, அதற்கு வலிவூட்டுவதேயாம். உயிரே சிவமாயின், அதற்குப் பிறர் துடைக்க வேண்டிய துயரம் யாதுளது? மலத்தாற் கட்டுண்டு வருந்தும் உயிரினுள்ளே, அது தன்னை அறியாத காலத்தும் அதனை விட்டுநீங்காது சிவம் நிற்றலினாலேயே, அவ்வுயிர்க்கு இட்ட நீரும் சோறும் உள்நின்ற பெருமானைச் சென்று சேர்கின்றன.

யான் எனது என்னும் செருக்கோடு புகழும் பயனுங் கருதிச் செய்வது பசுபுண்ணியம். அது பயன் துய்த்த அளவிற் கழியும். தன்னை இறைவன்பாற் படைத்துவிட்டு, அவன் பணியென்று செய்வது சிவபுண்ணியம். செயல் ஒன்றேயாயினும் செய்வார் நிலையால் இரண்டும் வேறாகும். பிழையாதென்று தெரிந்த குழந்தையின் பொருட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசியவர் எப்பயனைக் கருதினர்? பயன் கருதுதற்கு அங்கே யாதுமில்லை. திருவலகிடுதலும் திருமெழுக்கிடுதலும் சரியைத் தொண்டென நம் ஆகமங்கள் கூறும். திலகவதியார் திருவதிகையில் ஏந்தியது திருவலகு. அப்பர் சுவாமிகள் ஊர்தோறும் ஏந்தியது உழவாரம். சூலைநோயின் துன்பத்தைத் தம்முடலிற் கண்ட அப்பரடிகள், பஞ்சகாலத்தே திருவீழிமிழலையில் திருஞானசம்பந்த சுவாமிகளோடு கூடிப் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்தனர். கோயிலின் திருமுற்றத்தைப் பெருக்கிய கையும் பசித்தவர்க்குச் சோறிட்ட கையும் ஒரு கையே. பாக்பசார்ச் சந்தைப் பெருக்கிய கையும் அவ்வழியில் வைத்து எண்ணத்தக்கதே என்பது எம் துணிபு.

மடங்களையும் அறநிலையங்களையும் நடத்தும் பெரியோர்க்கு இச்சரிதம் ஒரு விண்ணப்பமாக அமைவதாக. கொள்ளைநோய்கள் ஒழிந்தன என்றிருந்த உலகை 2020இல் ஒரு நோய் மீண்டும் கதவடைக்கச் செய்தது. இனியும் வாராதென்று கூறுதற்கில்லை. அக்காலத்தே நம் மடங்களின் மடைப்பள்ளியும் மண்டபமும் நிலமும் இன்னார்க்கென்று பாராது திறந்திருத்தல் வேண்டும். மருத்துவநூலார் கூறும் காவல்களைக் கைக்கொண்டே, அஞ்சியோரிடத்தும் ஒதுக்கப்பட்டோரிடத்தும் நம்மவர் நேரிற் செல்லுதல் வேண்டும். செங்குன்றூரில் ஒரு கூட்டத்துக்கென்று வேண்டிய அருள் நாடு முழுவதும் பாய்ந்ததுபோல, அடியாரிடத்தே தோன்றும் அன்பு அயலாரிடத்தும் பாய்க. நீலகண்டப் பெருமான் திருவருள் அதற்குத் துணைநிற்பதாக.